வரையாத கைகள்

பெரிய பூசை முடிந்ததும் பங்குக் கூடத்தின் ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். உள்ளே இருட்டோடு புழுக்கமும் சேர்ந்துகொண்டது. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் சங்கு குளிக்கப் போகிற குடும்பத்தார். பவுலின் மகள் ஏஞ்சலின் தன் கையாலேயே வரைந்து ஒரு படம் எடுத்திருக்கிறாள், வெளியூருக்கு அனுப்புமுன் நம் தெருவில்தான் முதலில் காட்டப் போகிறாள் என்று பங்குச்சாமியார் பூசையில் அறிவித்திருந்தார்.

படம் முடிந்த பிறகு அதை விளக்கிப் பேசுவதற்கு ஜெபசுதாவை அழைத்திருந்தார்கள். அவள் கடலில்லாத நாசரேத் ஊர்க்காரி. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் காட்சிக் கலை நடத்துகிறவள். ஏஞ்சலின் அவளிடம் படித்தவள். இந்தத் தெருவுக்குள் ஜெபசுதா வருவது அதுதான் முதல் தடவை.

படத்தின் பெயர் 'அப்பாவின் கயிறு'. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. பேச்சே இல்லை. காகிதத்தில் கரிக்கோல் கோடுகள். கடலுக்கு நீல மை. கயிற்றுக்கு மட்டும் சிவப்பு. ஒருவன் விடியலில் எழுந்து கடற்கரைக்குப் போகிறான். அவன் மனைவி கயிற்றுச் சுருளை எடுத்துத் தன் தம்பியிடம் கொடுக்கிறாள். போட்டு என்கிற விசைப்படகு கடலுக்குள் போகிறது. அவன் கயிற்றை இடுப்பில் கட்டி, காற்று வரும் டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு நீலத்துக்குள் இறங்குகிறான். சிவப்புக் கோடு நேராக இருக்கிறது, பிறகு தளர்கிறது, பிறகு வளைந்து மிதக்கிறது. கடைசியில் மணலில் ஓர் உடல்.

பெண்கள் சத்தமில்லாமல் அழுதார்கள். இது யாருடைய கதை என்று எல்லாருக்கும் தெரியும். பவுல் அப்படித்தான் இறந்தார். ஆறு வருசம் ஆகிறது.

ஜெபசுதா மைக்கைப் பிடித்தபோது அவள் மனம் நிறைந்திருந்தது. தன் மாணவி இவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறாளே என்ற பெருமை. மடிக்கணினியில் படத்தை முன்னும் பின்னும் ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"கையால வரையுற படத்துல ஒவ்வொரு அசைவுக்கும் ஆளை மறுபடி மறுபடி வரையணும். அதனால கோடு ஒரே இடத்துல நிக்காது, லேசா நடுங்கும். அந்த நடுக்கத்தையே ஏஞ்சலின் உயிருக்கு அடையாளமா வச்சிருக்கா. உயிரோட இருக்கிறவங்க எல்லாருடைய கோடும் நடுங்குது. அப்பாவைக் கரையில கிடத்தும்போது அவர் கோடு மட்டும் அசையாம நிக்குது. பார்த்தீங்களா?"

"ஆமா, ஆமா" என்று முன்வரிசையில் ஒரு கிழவர் சொன்னார். கூட்டம் தன்னோடு வருகிறது என்பதில் அவளுக்கு வேகம் கூடியது.

"இப்ப கைகளைப் பாருங்க. அம்மா கையில வளையல் தெரியுது. அப்பா கையில சங்கு கீறின தழும்பு தெரியுது. ஓரமா மீன் விக்கிற பெண்ணுக்குக்கூட நகம் வரைஞ்சிருக்கு. ஆனா போட்டுல கயிறு பிடிச்சிருக்கிறவருக்கு மட்டும் கையே இல்லை. மணிக்கட்டோட நின்னுபோகுது. அதுக்கு அப்புறம் வெறும் வெள்ளைக் காகிதம். சிவப்புக் கயிறு அந்த வெள்ளையில போய் மறையுது. ஒரு படத்துல எல்லாருக்கும் இருக்கிறது ஒருத்தருக்கு மட்டும் இல்லைன்னா அது தற்செயல் கிடையாது. பிடிக்க வேண்டிய கை பிடிக்கலைன்னு படம் சொல்லுது. வாயைத் திறக்காமலே சொல்லுது."



"அப்படிப் போடுங்க டீச்சர்!" என்று பின்னாலிருந்து ஓர் இளவட்டம் கத்தினான். "நாங்க இத்தனை நாளா முணுமுணுத்ததைப் படிச்சவங்களே சொல்லிட்டாவ!"

"ஏலே மெல்வினு, கையைத் தூக்கிக் காட்டுலே. இருக்கா இல்லையான்னு பாப்போம்!"

சிரிப்பு வெடித்தது. கதவோரம் ஓர் ஆள் எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். திரையில் நின்றிருந்த அதே தோள், அதே மூக்கு. ஜெபசுதா மைக்கைத் தாழ்த்தினாள். அந்த மனிதர் உயிரோடு இருப்பார், இதே தெருவில் இருப்பார், இதே கூடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. அவளுக்கு அவர் ஒரு கோடாக மட்டும் இருந்தார்.

மெல்வின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். "போறாரு பாரு, வெள்ளைக் காகிதம்" என்று ஒரு குரல் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தது.

ஜெபசுதா ஏஞ்சலினைத் தேடினாள். அவள் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை.

* * *

கூடத்துக்கு வெளியே பேபி கத்திக்கொண்டிருந்தாள். பேபி, மெல்வினுக்குச் சித்தப்பா மகள். அவள் கணவன் ரெக்சன்தான் இப்போது சங்கு குளிக்கப் போகிறான். அவனுக்கு மெல்வின்தான் கயிறு பிடிக்கிறார்.

அந்தத் தெருவின் வழக்கம் அது. கடலுக்கு அடியில் போகிறவனுக்கு அவன் மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். மனைவியோடு பிறந்தவன் இல்லையென்றால் சித்தப்பா பெரியப்பா வழியில் ஒருவன். கூடப் பிறந்தவள் தாலியறுக்கும்படி எவனும் கையைத் தளர்த்த மாட்டான் என்பது முன்னோர் கண்ட நியாயம். காற்றடிக்கும் கம்ப்ரசர் வந்து எல்லாம் மாறிய பிறகும் இது மாறவில்லை. கயிறு மனைவியின் வீட்டில்தான் இருக்கும். போட்டு புறப்படும்போது அவள் அதைத் தன் கையால் எடுத்து மச்சான் கையில் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்காவிட்டால் அவன் கயிறு தொடக் கூடாது.

பவுலுக்கு அப்படித்தான் மெல்வின் கயிறு பிடித்தார். அன்று மேலே தூக்கச் சொல்லும் இழுப்பு எதுவும் கீழிருந்து வரவில்லை. நேரமாகிறதே என்று அவராகவே இழுத்தார். பவுல் மேலே வந்தார், மூச்சு வரவில்லை. டியூபில் வந்த காற்று கெட்டுப்போயிருக்கும் என்றார்கள் சிலர். மெல்வின் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்றார்கள் சிலர். கூடப் போன இன்னொரு ஆள் கம்ப்ரசருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு மெல்வினுக்கு யாரும் கயிறு கொடுக்கவில்லை. அவர் உப்பளத்தில் மூட்டை தூக்கினார். பேபியோடு பிறந்தவர்கள் வளைகுடாவுக்குப் போய்விட்டதால், வேறு வழியில்லாமல்தான் சென்ற வருசம் பேபி கயிற்றை எடுத்து மெல்வினிடம் கொடுத்தாள். அவருக்கு அது மறுபிறப்பு.

இப்போது அவள் தெருவே கேட்கச் சொன்னாள்: "இனி என் வீட்டுக் கயிறு அவன் கைக்குப் போகாது! பெத்த மவளே படம் புடிச்சுக் காட்டிட்டா. பெரிய டீச்சர் வந்து விளக்கிட்டாவ. இதுக்கு மேல நான் கொடுத்தா நான்தான் மடைச்சி!"

ஜெபசுதா அவளை நெருங்கி, "அம்மா, அது படத்தைப் பத்தி ஒரு கருத்துதான்..." என்றாள்.

"நீங்க நல்லாப் பேசினிய. போய்ட்டு வாங்க" என்றாள் பேபி. அந்த மரியாதை கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

* * *

அடுத்த வாரம் கல்லூரி வாசலில் ரெக்சன் நின்றிருந்தான். காவலாளி உள்ளே விடவில்லை போலிருக்கிறது. ஜெபசுதா வெளியே வந்ததும் வண்டியை அவளுக்குக் குறுக்கே நிறுத்தினான்.

"டீச்சர், என்னைத் தெரியாது உங்களுக்கு. உங்க பேச்சால கெட்டவன் நான். மெல்வின் மச்சானைக் கேவலப்படுத்திட்டுப் போய்ட்டிய. அவரு கயித்தைத் தொட முடியாது. எனக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. ஒரு கூட்டாளியைக் கூட்டிட்டுப் போனேன். பொண்டாட்டி அவன் கையில கொடுக்க மாட்டேன்னுட்டா, நானே எடுத்துட்டுப் போனேன். டியூபு மடங்கினது அந்த நாய்க்குத் தெரியலை. மேல வரும்போது மூக்குல ரத்தம்."

"நான் அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. படத்துல இருக்கிறதைத்தான்..."

"படத்துல கை இல்லை. சரி. கை இல்லாததுக்கு அர்த்தம் இதுதான்னு யாரு சொன்னா? படமா சொல்லிச்சு? நீங்க சொன்னிய."

ரெக்சன் நிறுத்தவில்லை.

"மெல்வின் மச்சான் இப்ப என்ன செய்யுதாரு தெரியுமா? என் போட்டுக்கு டீசல் கேன் தூக்குதாரு. கம்ப்ரசரைத் துடைக்குதாரு. கயித்தைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிடுதாரு. கடல்ல அவரைப் போல கை வேற எவனுக்கும் கிடையாது. அடியில இருந்து நான் பெருமூச்சு விட்டாக்கூட அவருக்குக் கயித்துல தெரியும்." அவன் வண்டியைக் கிளப்பினான். "உங்களுக்கு அடுத்த படம் கிடைக்கும். அவருக்கு வேற கடல் கிடையாது."

வீட்டுக்கு வந்த ஜெபசுதா முழங்காற்படியிட்டாள். ஜெபம் வரவில்லை. நான் பொய் சொல்லவில்லையே ஆண்டவரே என்றுதான் வாய் திரும்பத் திரும்பச் சொன்னது. அது ஜெபம் இல்லை, வாதம் என்று அவளுக்கே தெரிந்தது. எழுந்து படத்தைப் போட்டாள்.

இந்த முறை அவள் மெல்வினின் உருவத்தை மட்டும் பார்த்தாள். மற்றவர்கள் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு படமாக நிறுத்திப் பெரிதாக்கினாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. உயிருள்ளவர்களின் கோடு நடுங்கும் என்று அவளே சொல்லியிருந்தாள். எல்லாரையும்விட அதிகமாக நடுங்கியது மெல்வினின் கோடுதான். குற்றவாளிக்கு அவ்வளவு உயிர் கொடுத்து வரைய வேண்டியதில்லை. அது அவள் விளக்கத்துக்குப் பொருந்தாததால் அன்று அவள் கண்ணில் படவே இல்லை.

மணிக்கட்டுக்கு அப்பால் இருந்த வெள்ளையும் வெள்ளையாக இல்லை. அங்கே காகிதம் பஞ்சுபோல் எழும்பியிருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். ஒரு படத்தில் கட்டைவிரல் இருந்த இடம். இன்னொன்றில் நான்கு விரல்கள் மடங்கியிருந்த சுவடு. அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துக் காகிதமே தேய்ந்துபோயிருந்தது. எல்லாப் படத்திலும் கை வரையப்பட்டிருக்கிறது. எல்லாப் படத்திலும் அழிக்கப்பட்டிருக்கிறது.

* * *

ஏஞ்சலின் வீட்டு மாடியறையில் காகிதக் கட்டுகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமுன் அவள் உட்கார்ந்திருந்தாள். ஜெபசுதாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ரெக்சன் சித்தப்பா உங்ககிட்டயும் வந்தாரா மிஸ்? எங்கிட்டயும் கத்திட்டுத்தான் போனாரு. நீங்க கவலைப்படாதீங்க. நான் நினைச்சதை அப்படியே படிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"நீ நினைச்சது அதுதானா?"

"அதுதான்."

"மணிக்கட்டுக்கிட்ட அழிச்சிருக்கியே."

ஏஞ்சலின் முகம் இறுகியது. "படத்தைப் பாக்க வந்தா படத்தைப் பாருங்க. என் அழுக்கை எதுக்குப் பாக்கீங்க?"

"ஒரு தடவை அழிச்சிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்."

"நீங்கதான வகுப்புல சொன்னீங்க? காட்டாம விடுறதும் காட்டுறதுதான்னு. அதைத்தான் செஞ்சேன்."

"சொன்னேன். வேணும்னு விடுறது வேற, வரைய வராம விடுறது வேற. அதை நான் சொல்லிக்கொடுக்கலை. அன்னைக்கு மேடையில எனக்கே அது தெரியலை. தெரிஞ்ச மாதிரி பேசினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஏஞ்சலின் பென்சிலைத் தூக்கி எறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்தது.

"வெறுப்போட வரையணும்னுதான் உக்காந்தேன் மிஸ்! பிசாசு கை மாதிரி, அழுகின கை மாதிரி. எங்க அப்பாவை விட்ட கை. வரைஞ்சு வரைஞ்சு பாத்தேன். வரையுறதெல்லாம் நண்டு உடைக்கிற கையாவே வந்து விழுது. சின்னப்பிள்ளையில எனக்கு நண்டு உடைக்கத் தெரியாது. மாமாதான் ஓட்டை உடைச்சு, சதையை எடுத்து என் தட்டுல வைப்பாரு. அவருக்கு ஓடுதான் மிஞ்சும். அந்தக் கை எனக்கு வேண்டாம்னு அழிச்சேன். மறுபடி அதே கை. அழிச்சு அழிச்சு வெறுத்துப்போய் விட்டுட்டேன். ஓட்டிப் பாத்தா அது நல்லா இருந்துது. பயங்கரமா இருந்துது. நல்ல டிசைன்னு வச்சுக்கிட்டேன்."

கீழே குசினியிலிருந்து அவள் அம்மா ஞானசௌந்தரி படியேறி வந்து நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"என் கையை மட்டும் அழகா வரைஞ்சிருக்கா டீச்சர். வளையல் முதக்கொண்டு" என்றாள். "கயித்தை எடுத்து அவன்கிட்ட கொடுத்தது யாரு? நான். அவன் கொலைகாரன்னா நான் யாருளா? அன்னைக்குக் கூடத்துல இதை ஒருத்தராவது கேட்டியளா?"

"நீயும்தான மாமாகூட ஆறு வருசமாப் பேசலை" என்று ஏஞ்சலின் சீறினாள்.

"பேசலை. வாசல்ல வந்து நின்னான், கதவைச் சாத்தினேன். அவன் மூஞ்சியைப் பாத்தா உன் அப்பா மூஞ்சி தெரியும்னு சாத்தினேன். நான் சாத்தினது என் வீட்டுக் கதவை. நீ ஊர்க் கதவையெல்லாம் சாத்திட்ட." அவள் படியிறங்கிப் போய்விட்டாள். குசினியில் பாத்திரம் ஓங்கி வைக்கப்படும் சத்தம் கேட்டது.

 ஏஞ்சலின் எறிந்த பென்சிலைப் பொறுக்கி எடுத்து, "இப்ப நான் என்ன செய்யணும்? கை வரைஞ்சு போடணுமா?" என்றாள். கேள்வியில் இன்னும் கோபம் இருந்தது.

"எனக்குத் தெரியலைம்மா."

"வரையுறதா இருந்தாலும் அவர் கையைப் பாக்கணும். நண்டுக் கையை வரைஞ்சா அதுவும் பொய்தான். அது சின்னப்பிள்ளை பாத்த கை."

* * *

மறுநாள் விடியலில் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். கடலைக் கலக்கும் கச்சான் காற்று இல்லை. தண்ணீர் தெளிந்து கிடந்தது. குளிக்கப் போகிறவர்களுக்கு நல்ல நாள். ரெக்சனின் போட்டு கரையோரம் ஆடிக்கொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் பேபி உட்கார்ந்திருந்தாள். மடியில் கயிற்றுச் சுருள். அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். ரெக்சன் அவள் முன்னால் நின்று மன்றாடிக்கொண்டிருந்தான்.

"இவளே, தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு. கொடுளா."

"யாருகிட்ட கொடுக்க? அன்னைக்கு வந்த அந்தக் குடிகாரன்கிட்டயா? இல்ல அங்கன நிக்கவன்கிட்டயா?"

அங்கே மெல்வின் டீசல் கேனைத் தோளில் வைத்துத் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார். காது கேட்காதவர்போல் போனார்.

பேபி ஏஞ்சலினைப் பார்த்துவிட்டாள். "வாங்கம்மா வாங்க. அடுத்த படத்துக்கு ஆள் பிடிக்க வந்தியளா? என்னையும் வரைஞ்சுக்கிடுங்க. தாலியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவன்னு. டீச்சர் அதுக்கும் அர்த்தம் சொல்லுவாவ."

ஜெபசுதா தலை குனிந்துகொண்டாள்.  

"சித்தி" என்றாள் ஏஞ்சலின். "மாமா கையைப் பாக்க வந்தேன். சரியா வரைஞ்சு படத்துல சேக்கணும்."

"படத்துல கை வரைஞ்சா அது வந்து கயிறு பிடிக்குமா? சொல்லு. நீ அழிச்சதும் காகிதத்துல. வரையப்போறதும் காகிதத்துல. முங்குறது என் புருசன்."

மணலில் வேறு சில குடும்பங்களும் நின்றிருந்தன. எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒருத்தன் கைப்பேசியைத் தூக்கினான். ரெக்சன் அவனைப் பார்த்து, "உள்ள வையிலே, கடல்ல எறிஞ்சிருவேன்" என்றான்.

ஏஞ்சலின் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "நான் கொடுத்தா?"

"எதை?"

"கயித்தை. எங்க அப்பாவுக்குக் கயிறு பிடிச்சவர். நான் பவுல் மக. நான் எடுத்து அவர் கையில கொடுத்தா உங்களுக்குப் போதுமா?"

பேபி அவளை மேலும் கீழும் பார்த்தாள். இப்படி ஒரு வழக்கம் இல்லை. செத்தவனின் மகள் கொடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"நீ கொடுத்தா நான் தடுக்க மாட்டேன்" என்றாள் கடைசியில். "ஆனா நான் கொடுத்ததாவும் ஆகாது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன் வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துவேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுந்தான்."

அவள் மடியிலிருந்த சுருளைத் தூக்கி ஏஞ்சலின் கையில் போட்டாள். ஏஞ்சலின் ஒரு நிமிடம் தடுமாறினாள். எத்தனையோ நாள் அவள் சிவப்பு மையால் இழுத்த அந்தக் கோடு இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதைச் சுமந்துகொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். சுடிதார் முழங்கால்வரை நனைந்தது.

மெல்வின் கேனைப் போட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மாமா, பிடிங்க."

அவர் கைகள் பக்கவாட்டில் தொங்கின. "வேண்டாம்" என்றார். ஆறு வருசத்துக்குப் பிறகு அவளிடம் அவர் சொன்ன முதல் சொல் அது. "என் கையைத்தான் வெட்டிட்டியே. எதுல வாங்க?"

மணலில் யாரோ சிரித்தார்கள். உடனே அடங்கியது.

"வெட்டலை மாமா. வரைய வரலை."

"ஊரு அப்படிச் சொல்லலை. டீச்சர் அப்படிச் சொல்லலை. அத்தனை பேரு முன்னால உக்காந்து பாத்தேன். எனக்கே சந்தேகம் வந்துட்டு. அன்னைக்கு நான் பிடிச்சேனா விட்டேனான்னு எனக்கே..." அவர் நிறுத்திக்கொண்டார். 

"அப்பா எப்படிப் போனாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள் ஏஞ்சலின். கரையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "நான் அங்க இல்லை. ஒருத்தரும் பாக்கலை. தெரிஞ்ச மாதிரி வரைஞ்சேன். அது தப்பு. உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. போகலை. ஆனா கோபம் சாட்சி இல்லை. கை வலிக்குது மாமா. பிடிங்க."

அலை ஒன்று வந்து அவள் இடுப்பில் அடித்தது. கயிற்றின் ஒரு சுற்று நழுவித் தண்ணீரில் விழப்போனது. மெல்வினின் கை தானாக நீண்டு அதைப் பிடித்தது. யோசித்துச் செய்தது போல இல்லை. பிடித்த பிறகு அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மற்றக் கையையும் நீட்டி முழுச் சுருளையும் வாங்கிக்கொண்டார்.

அவர் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. போட்டில் ஏறி உட்கார்ந்து, கயிற்றை விரல்களுக்கிடையில் ஓட்டி, பாகம் பாகமாகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் புரி விட்டு நைந்திருந்தது. "ஏலே மாப்பிள்ளை, இதையா கட்டிக்கிட்டு இறங்கின?" என்று ரெக்சனைத் திட்டிவிட்டு, அந்த இடத்தை அறுத்து முடிச்சுப் போட்டார். ரெக்சன் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். போட்டு போய்விட்டது.

பேபி வள்ளத்தைவிட்டு நகரவில்லை. வீட்டுக்குப் போகவும் இல்லை. யாராவது பக்கத்தில் வந்தால், "என்ன வேடிக்கை? உங்க வீட்டுல உலை இல்லையா?" என்று விரட்டினாள். ஏஞ்சலின் சற்றுத் தள்ளி ஈரத் துணியோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். ஜெபசுதாவும் இருந்தாள். கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை வாதம் வரவில்லை. ரெக்சனின் பெயரும் மெல்வினின் பெயரும் மட்டும்தான் வந்தன.

வெயில் ஏறியது. அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் வெளுத்துத் தெரிந்தன. பேபி திரும்பாமலே சொன்னாள்:

"அங்கன உக்காந்து கருகாத. நிழலுக்கு வா. டீச்சர், நீங்களும்தான். பேசாம உக்காருங்க."

மூன்று பேரும் வள்ளத்தின் நிழலில் ஒடுங்கிக்கொண்டார்கள். பேபி ஒரு தூக்குவாளியைத் திறந்தாள். ரெக்சனுக்கென்று கொண்டுவந்து, அவன் கோபத்தில் தொடாமல் விட்டுப்போன இடியாப்பம். தூக்கை ஏஞ்சலின் பக்கம் தள்ளினாள். "தின்னு. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்காத."

போட்டு திரும்பியபோது நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்திருந்தது. பேபி எழுந்து ஓடினாள். ரெக்சன் முழுசாக இறங்கினான். தோளில் சங்கு நிறைந்த பை. அவள் அவன் முகத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாறுது, போ" என்று தள்ளிவிட்டாள். பிறகு மெல்வினிடம் போய் நனைந்த கயிற்றுச் சுருளை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நாளைக்கு நேரத்தோட வா. இன்னைக்கு மாதிரி எனக்கு இங்கன வந்து காத்துக்கிடக்க முடியாது. வீட்டுல வச்சு வாங்கிட்டுப் போ."

மெல்வின் தலையை ஆட்டினார்.  கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். ஏஞ்சலின் எதிரே வந்து நின்றதைப் பார்த்து, வறண்ட குரலில் சொன்னார்:

"கையைப் பாக்கணும்னியே. இப்ப ஊறிப்போய் அசிங்கமா இருக்கு. காஞ்ச பிறகு வா."

"ஊறினதைத்தான் மாமா வரையணும்."

 அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் மலர்த்தி வைத்தார்.